பால்கனி மேசை

காட்டுப்பாக்கத்து அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் அந்த மேசையை ஸ்ரீநாத் தன் கையாலேயே செய்தான். சாரலில் உளுக்காது, கரையான் அண்டாது என்று மருந்து ஏற்றிய கட்டையாகத் தேடி வாங்கியிருந்தான். அறுக்கும்போது மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டான். மகள் ரோஷினியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். மரத்தூளை மூட்டை கட்டினான். மிச்சத் துண்டுகளைக் குளிர்காயக்கூட எரிக்கக் கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தான். கட்டை நன்றாகக் காய்ந்ததும் மேலே கிரானைட் பதிப்பதாக இருந்தான்.

எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தான், ஒன்றைத் தவிர.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்த மாமனார் லட்சுமணன், "என்ன மாப்ளே, நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேசை?" என்று கேட்டபோது, "நின்னுக்கிட்டே லேப்டாப்புல வேலை பாக்கத்தான் மாமா" என்று சொல்லிவிட்டான். கூட வந்திருந்த மாமியார் பத்மாவின் தம்பி குடித்தே செத்தவர். அந்த மாமியாரிடம், இது நண்பர்களோடு குடிக்கிற 'பார்' மேசை என்று எப்படிச் சொல்வது? "சாப்பிடுற சாமான் எதையும் அதுமேல வைக்காதீங்க" என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் என்று கேட்பார்களே என்று விழுங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து பார்த்தால், வெறும் கட்டைமேல் உப்புப் போட்ட மாங்காய்த் துண்டுகள் வரிசையாக வெயிலில் கிடந்தன. ரோஷினி எக்கி ஒன்றை எடுத்திருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கினான். குழந்தை வீறிட்டாள்.

"என்ன மாப்ளே இது! கழுவித் தொடைச்சுட்டுத்தானே போட்டேன்" என்றாள் பத்மா.

"கட்டையில மருந்து ஏத்தியிருக்கு அத்தை. புளிப்பும் உப்பும் பட்டா ஊறி இறங்கிடும். எல்லாத்தையும் கொட்டிடலாம்."

லட்சுமணன் பேப்பரை மடக்கினார். "மருந்து எதுக்கு?"

"மழையில நனைஞ்சாலும் கெடாம இருக்க."

"கட்டை நனையட்டும். லேப்டாப்பு?"

ஸ்ரீநாத்தின் காது சுட்டது. மனைவி ரேஷ்மா தரையைப் பார்த்தாள்.

"நின்னு வேலை பாக்குற பலகையில என்ன பெரிய விஷம் மாப்ளே?" பத்மா விடவில்லை. "நேத்து நீங்க வெளிய போனப்போ இதுமேலயே காஞ்சதை ஜாடியில போட்டாச்சு. குவார்ட்டர்ஸ்ல நாலு வீட்டுக்குக் கேட்டிருக்காங்க. சாயங்காலம் எடுத்துட்டுப் போறேன்."

சமையல் மேடையில் ஜாடி நிறைந்து நின்றது. திரை போடுவேன், குடை வைப்பேன் என்று இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஜாடி ஆவடிக்குப் போய்விடும்.

"இது ஆபீஸ் மேசை இல்ல அத்தை. பார் மேசை. ஃபிரெண்ட்ஸ் வந்தா குடிக்கிறதுக்கு. அதனாலதான் சாப்பிடுற சாமான் வைக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லல. சொன்னா ஏன்னு கேப்பீங்கன்னு பயம்."

ரோஷினி விசும்பிக்கொண்டே இருந்தாள். லட்சுமணன் மடக்கிய பேப்பரை மறுபடி விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

பத்மா மாங்காய்த் துண்டுகளை வழித்து ஒரு கவரில் போட்டாள். ஜாடியையும் அதிலேயே கவிழ்த்தாள். வாயை முடிச்சுப் போட்டு அவனிடம் நீட்டினாள்.

"மாடு கீடு வாய் வைக்காத இடமாப் போடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து 'மாப்ளே' சேராமல் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

வாசலுக்குப் போனான். பின்னால் ரோஷினி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்பா, நின்னுக்கிட்டேதான் குடிப்பியா?"

லிப்ட்டுக்காக அங்கே நிற்க முடியவில்லை. கவரைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினான்.