தட்டாமல் இருந்த பிற்பகல்

நூல் மில்லில், நூலைச் சுற்றும் கோன் வைண்டிங்கில் பதினாறு வருஷமாக நிற்கிறவள் பரிபூரணம். இழை அறுந்தால் அவள் யோசிப்பதில்லை. கை தானாகப் போய் முடிச்சுப் போட்டுவிடும். புருஷன் சுந்தரபாண்டியனுக்கு இருதயம் தளர்ந்து, தூக்கத்தில் மூச்சு நிற்க ஆரம்பித்தபோதும் அந்தக் கைதான் போனது. தோளில் ஒரு தட்டு. அவர் திடுக்கிட்டு மூச்சை இழுப்பார். சற்று நேரத்தில் மறுபடி நிற்கும். மறுபடி தட்டு. இரண்டு வருஷமாக இப்படி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் நைனா முகமது புதிதாக ஒரு மாத்திரை கொடுத்து, அதைத் தொடங்கும் முன்பும் பின்பும் மூச்சு எத்தனை தடவை நிற்கிறது என்று எண்ணி வரச் சொல்லியிருந்தார். ராஜபாளையத்திலிருந்து இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். அவள் எண்ணிக் கோடு போட்ட தாளை நீட்டினாள். மாத்திரைக்கு முன்பும் பின்பும் எண்ணிக்கை ஒன்றுபோலவே இருந்தது.

"மூச்சு நின்னா நீ என்னம்மா செய்வே?"

"தட்டுவேன் சார். தட்டாட்டா அவிய போயிருவாகல்லா?"

"தோளு காய்ச்சுப் போச்சு சார்," என்றார் சுந்தரபாண்டியன். "மில்லுல மிஷின்கூட நிக்கும். இவ கை நிக்காது."

டாக்டர் சிரிக்கவில்லை.

"ரத்தம் மெதுவா ஓடுறதால, மூச்சு விடணும்னு மூளைக்குச் சேதி பிந்திப் போகுது. பிந்தினாலும் போயிரும், மூச்சு அதுவா திரும்பும். நீ தூங்கவிடாம எழுப்பி எழுப்பி, அசந்த இருதயத்தை இன்னும் அடிச்சு ஓட்டுறே. மாத்திரை கேக்குதா இல்லையான்னும் எனக்குத் தெரியல. ஒரு வாரம் அவரைத் தொடாதே. எண்ணு, போதும்."

அன்று பிற்பகல் வீட்டில் அவர் சாப்பிட்டுப் படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

மூச்சு பெரிதாகி, சிறுத்து, நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து விநாடி. இருபது. பயப்பட வேண்டும் என்று தோன்றியது, பயம் வரவில்லை. கைகள் மரத்திருந்தன, உள்ளேயும் அப்படித்தான். இருபத்தெட்டில் மூச்சு தானாக, யாரையும் கேட்காமல் வந்தது.

தாளில் ஒரு கோடு போட்டாள்.

தன் கைதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்றே நம்பியிருந்தாள். அப்படியில்லை. சந்தோஷப்படலாம். அந்தச் சந்தோஷம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தாள், அழுகைகூட இல்லை. அடுத்த கோட்டைப் போட்டாள்.

ஐந்து மணிக்கு அவர் கண் விழித்தார். முகம் தெளிந்திருந்தது.

"ஏட்டி, நல்லாத் தூங்கிட்டேன். நீ எங்க போயிருந்தே?"

"இங்கனதான் இருந்தேன்," என்றாள்.