மரியஜானின் பார்

லீமாவுக்கு அந்த வேலை கிடைத்ததே அவளுக்கு யாரும் இல்லை என்பதால்தான். 2009-இல், கன்னியாகுமரிக்கு மேற்கே அந்தக் கடற்கரை ஊரின் பதினோரு வள்ளங்களிலும் இருப்பிடம் சொல்லும் ரேடியோ மோடம் பெட்டியைப் பொருத்தினார் பங்குச் சாமி. வேதக்கோயில் கோபுரத்தில் ஆண்டெனா, பக்கத்து அறையில் கம்ப்யூட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு வள்ளத்திலிருந்தும் ஒரு வரி எண்கள் வந்து திரையில் விழும்: வள்ளத்தின் நம்பர், அது நிற்கும் இடம். ஆபத்தென்றால் பெட்டியிலுள்ள சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

ஊர் ஆண்கள் ஒத்துக்கொண்டால்தானே? கடலுக்கடியில் பாறை கிடந்து மீன் கூடும் இடத்துக்குப் பார் என்று பெயர். தன் பாரைக் கூடப்பிறந்த தம்பிக்குக்கூட எவனும் சொல்லமாட்டான். கடைசியில் சங்கத் தலைவர் பனியடிமை ஒரு வழி கண்டுபிடித்தார்.

"புருசன், அண்ணன் தம்பி, மவன்னு ஒருத்தனும் கடலுக்குப் போவாத பொம்பள அங்க இருக்கட்டு. அவ யாருக்குப் போய்ச் சொல்லுவா?"

தேடிப் பார்த்தால் ஊரிலேயே லீமா ஒருத்திதான். கட்டினவனைச் சுனாமி கொண்டுபோயிருந்தது, பிள்ளை கிடையாது. பொத்தான் அமுக்காதவரை எந்த வள்ளத்தின் இடத்தையும் சொல்லமாட்டேன் என்று பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

சண்டாளர்கள், அன்றிலிருந்து அவளோடு பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். குழாயடியில் பக்கத்து வீட்டு ரெஜிஷா அவளிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டால் போதும், "அவ வாயக் கிண்டுதியா?" என்று இன்னொருத்தி கேட்பாள். ஊரார் ரகசியமெல்லாம் வயிற்றில் கிடக்க, பேச ஆளில்லாமல் தவித்துப்போனாள் லீமா. மரியஜான் மட்டும் அப்படியில்லை. அறுபது வயது, தனிக்கட்டை, தனியாகவே தூண்டில் போடப் போகிறவர். பெட்டியின் பாட்டரியைச் சார்ஜ் போடக் கொண்டுவரும்போது ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஊர்ப்பட்ட கதையெல்லாம் அளப்பார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவள் பொழுது விடிந்தது.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குக் காற்று பிடித்தது. பத்து வள்ளங்களின் எண்களும் கரையைப் பார்த்து நகர்ந்தன. ஏழாம் நம்பர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அது மரியஜானுடையது.

பதினொரு மணிக்கும் அதே எண். பன்னிரண்டுக்கும் அதே எண். எஞ்சின் போயிருக்கிறது, நங்கூரத்தில் கிடக்கிறார். பொத்தானை ஏன் அமுக்கவில்லை என்பது லீமாவுக்குப் புரியாமலில்லை. அமுக்கினால் ஊரே அவருடைய பாரில் வந்து நிற்கும்.

"அமுக்குங்கண்ணே," என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினாள்.

ஒன்று இருபதுக்கு ஏழாம் நம்பரிலிருந்து வரியே வரவில்லை. ஒன்று இருபத்தைந்துக்கும் வரவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் கரைக்கு ஓடினாள்.

"பொத்தான் அமுக்குனானா?" என்று கேட்டார் பனியடிமை.

"இல்ல மாமா."

"நீ சத்தியம் பண்ணியிருக்க."

"அந்தப் பாவத்த நான் சுமந்துக்கிடுதேன். நீங்க எழுதுங்க." மனப்பாடமாயிருந்த எண்களைச் சொன்னாள்.

நான்கு வள்ளங்கள் போயின. சொன்ன இடத்தில்தான் இருந்தார் மரியஜான். பெட்டி தண்ணீரில் முங்கிக் கிடந்தது. பாதி நிறைந்த வள்ளத்திலிருந்து அவர் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குக் கரை சேர்த்தார்கள். லீமா மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

காற்று அடங்கியதும் திரையில் பத்து வரிகள் வந்தன. பத்திலும் ஏறக்குறைய ஒரே இடம். ஏழாம் நம்பர் நின்ற இடம். அதற்கடுத்த நாள் ஒரு வரிகூட இல்லை. இன்று மரியஜான், நாளைக்கு நாம் என்று அத்தனை பேரும் பெட்டியை அணைத்துவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் அந்தப் பாரைத் துடைத்தெடுத்தாயிற்று. மரியஜான் தன் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தார். ஜன்னலுக்கு வரவில்லை, உள்ளே வந்து மேசையில் வைத்தார்.

"கோவமா அண்ணே?"

"இல்ல மக்கா. எங்க அப்பனுக்க பாரு அது. எனக்கு வேற சொத்தில்ல."

"உயிரு வேண்டாமா?"

"ரெண்டும் வேணும்லா," என்றார்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் லீமாவுக்குத் தாங்கவில்லை. "நாளைக்கு எந்தப் பக்கம் போவீங்கண்ணே?"

மரியஜான் திரும்பிப் பார்த்தார்.

"தெக்க," என்றார்.

அந்தக் கரையிலிருந்து எந்த வள்ளமும் தெற்கேதான் போகும்.