சூரியன் போன பிறகு

பூபாலனின் வேலையை ஊராருக்கு விளக்கி முடிப்பதற்குள் அவனுக்கே அது மறந்துவிடும். பள்ளிப்பட்டுக்கு அப்பால் உள்ள சோலார் நிலையத்தில் நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று இன்றைக்கே கணித்து அனுப்ப வேண்டும். ஊர் அதைச் சுருக்கி, 'வெயில் சொல்றவன்' என்று பெயர் வைத்துவிட்டது. வடாம் பிழியவும் பந்தல் போடவும் அவனைக் கேட்டார்கள். அவனும் சூரியனுக்குச் சித்தப்பா மகன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை திருவாலங்காட்டிலிருந்து அக்கா புருஷன் கண்ணையன் போன் செய்தார். அவருடைய நெல் தார் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் ஒருமுறை திருப்பி அனுப்பியாகிவிட்டது. இன்னும் ஒரு நல்ல வெயில் வேண்டும்.

"நாளைக்கு எப்படி மாப்ளே? பொண்ணு அம்முவுக்கு மலைக்கோயில்ல மொட்டை போடணும்னு உங்க அக்கா நச்சரிச்சுகினு கீறா. நெல்ல அப்படியே உட்டுட்டு வரலாமா?"

பூபாலன் கணினியைப் பார்த்தான். நாளைய மின்சாரக் கணிப்பின் கோடு காலையில் ஏறி, மாலையில் வழவழவென்று இறங்கியது. நடுவில் ஒரு நெளிவு இல்லை.

"தாராளமா வாங்க பாவா. பளிச்சுனு இருக்கும்."

ஞாயிறு பளிச்சென்றுதான் இருந்தது. கணிப்பும் வந்த மின்சாரமும் அச்சு அசலாகப் பொருந்தின. மேலாளர் வாட்ஸப்பில் கைதட்டல் போட்டார். மலைக்கோயிலுக்கு அவர்களோடு வந்திருந்த பூபாலன், மொட்டைத் தலையில் சந்தனம் பூசி நின்ற அம்முவிடம்கூட அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டான். தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது சூரியன் மறைந்திருந்தது. ஆந்திரப் பக்கத்து மலைகளுக்குப் பின்னாலிருந்து கருமேகம் எழுந்தது. படியிறங்குவதற்குள் கொட்டித் தீர்த்தது.

கண்ணையனின் போன் அடித்தது. பக்கத்து வீட்டு ராஜவேலு.

"தார்ப்பாய் எங்கய்யா வெச்ச? வீடு பூட்டிகீது, நெல்லு மெதக்குது!"

பூபாலனின் கோடு சூரியனோடு முடிந்துவிடும். இருட்டில் மழை பெய்தாலும் மின்சாரம் பூச்சியம், பெய்யாவிட்டாலும் பூச்சியம். பாவா கேட்டது நெல்லைப் பற்றி. இவன் பதில் சொன்னது மின்சாரத்தைப் பற்றி.

ஊர் போய்ச் சேர்ந்து, ரோட்டோரம் ஒதுங்கிய நெல்லை அள்ளிக் கூடத்தில் பரப்பி, மின்விசிறியைப் போட்டார்கள். காப்பியில் சர்க்கரை குறைந்தாலே அவனைத் திட்டும் கவிதா அக்கா வாயே திறக்கவில்லை. அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"நாளைக்கு எப்படிப்பா?" என்றார் கண்ணையன், பழக்க தோஷத்தில்.

"வெயில் இருக்கும் பாவா. சாயங்காலம் தெரியாது. சூரியன் போனப்புறம் நான் குருடுதான்."

"ஆங்." அவர் ஈர நெல்லைக் கையால் கிளறினார். "இத நேத்தே சொல்லியிருக்கலாமே, நைனா."

அவர் திட்டியிருக்கலாம். பூபாலன் குனிந்து நெல்லைப் புரட்டினான். புளித்த வாடை மெல்லக் கிளம்பத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

இருட்டில் அக்கா எழுந்து போய், முறத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

"விசுறு" என்றாள்.

அவன் விசிறினான்.