பட்டாணி அளவு

பிரைட்டன் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த பேஸ்ட்டைக் குப்பையில் வீசி எட்டு மாதமாகிறது. அதில் ஃபுளோரைடு இருக்கிறதாம், விஷமாம். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் உமிக்கரிதான். புருஷனோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் டெல்சியும் கறுப்பாகத் துப்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஆறு வயது மகள் லிஜாவுக்குப் பால்பல் இரண்டு சொத்தை. சிரிப்பு வந்தால் பிள்ளை கையால் வாயைப் பொத்துகிறாள். பல் டாக்டரம்மா டெல்சியிடம் விவரமாகச் சொன்னார். பால்பல் போனால் வேறு முளைக்கும். வாயின் பின்புறம் இப்போது முளைத்து வருகிற கடைவாய்ப்பல் போனால் போனதுதான். அதைக் காப்பாற்ற ஃபுளோரைடு பேஸ்ட் வேண்டும். பட்டாணி அளவு, தினம் இரண்டு வேளை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும்.

வரும் வழியிலேயே வாங்கிவிட்டாள். மறுநாள் காலை, கடல்மணலில் தாது பிரிக்கும் கம்பெனிக்குக் கிளம்பிய பிரைட்டன் அதைக் கண்டுவிட்டான்.

“ஏட்டி, இந்த வெசத்த எதுக்கு திரும்ப வாங்கின? தருமபுரி பக்கம் தண்ணியில இது கூடிப்போயி பிள்ளையளுக்க பல்லு கறையாச்சு, எலும்பு வளைஞ்சுது. பொய்யா?”

பொய்யில்லை. அந்தப் பயம் டெல்சிக்கும் இருந்தது, டாக்டரம்மாவிடம் கேட்டும்விட்டாள்.

“அது வருசக்கணக்கா குடிச்ச தண்ணி. இது துப்புறதாக்கும்.”

“பிள்ள முழுங்கினா?”

நல்ல கேள்விதான். மனுஷனுக்கு மகள் என்றால் உயிர். அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“போன ஞாயிறு என் தம்பி வந்து, மணல்ல கதிர்வீச்சு இருக்கு, வேலைய விடுங்க அத்தான்னானே, என்ன சொன்னிய? ‘வெசம்னு சொன்னா போதாது, எவ்வளவுன்னு கேக்கணும். நெஞ்சுல பேட்ஜ் குத்திட்டாக்கும் வேல பாக்கேன், அது அளந்து சொல்லும்’னு அரைமணி நேரம் பிரசங்கம் வச்சியளே! உங்க உசுருக்கு அளவு உண்டு, எம்பிள்ளைக்க பல்லுக்கு மட்டும் கெடையாதா?”

பிரைட்டன் பேஸ்ட்டைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு லிஜாவின் பிரஷ்ஷை எடுத்துப் பிதுக்கினான். கூடிவிட்டது. விரலால் வழித்தான். இன்னும் கொஞ்சம் வழித்தான்.

“அது பட்டாணியா, கடுகா?” என்றாள் டெல்சி.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த லிஜாவுக்கு வேறு கவலை. “அப்பா, எனக்கும் பேட்ஜ் வேணுமா?”

“உனக்கு எதுக்கு மக்கா? நான் நிக்கேன்லா.” வேலைப் பையை இறக்கிவிட்டு அவள் முன்னால் குத்தவைத்தான். “துப்பு. இன்னும் துப்பு.”

தெருமுனையில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நுரை வழியச் சிரித்த லிஜா வாயைப் பொத்த மறந்துவிட்டாள். டெல்சி குனிந்து பார்த்தாள். வாயின் கோடியில், ஈறைக் கீறிக்கொண்டு, புதுப்பல் எட்டிப் பார்த்தது.