உபயம்: கிராணி நாராயணசாமி

1

கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. போன மாதம் நான் இருக்கும் புக்கிட் பெருந்துங்கில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் செத்தது. கரண்ட் போனதைச் சொல்ல போன் இல்லை. போன் வர கரண்ட் இல்லை. ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழுகிற இந்தக் கோளாறைப் பற்றி ஒரு பத்திரிகை கட்டுரை கேட்டது. எனக்குக் கட்டுரை வராது. பொய்தான் வரும்.

2

"அவசரகாலத்தில், கோல சிலாங்கூர் பக்கம், ரப்பர் மரங்களின் மேல் மாலை வெயில் மஞ்சளாக—"

(ச்சே. எத்தனை பேர் எழுதித் தேய்த்த வெயில் இது. வேண்டாம்.)

மறுபடியும். மலாயாவில் அவசரகாலம், வருஷம் ஐம்பத்தொன்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. இருட்டினால் கேட்டுக்குப் பூட்டு. டவுன் போலீஸ் போனில் சரி சொன்னால்தான் திறக்கும். வேலி விளக்குகளுக்கு ஒரு டீசல் இஞ்சின். தினமும் தோட்ட ஆபீஸிலிருந்து போனில் கேட்டால் அன்றைக்கு மட்டும் டவுனிலிருந்து எண்ணெய் வரும். சேர்த்து வைத்தால் காட்டுக்குப் போய்விடுமாம். அந்த போனின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அதே இஞ்சின்தான்.

பாருங்கள், கட்டுரை இங்கேயே முடிந்துவிட்டது. ஆள்தான் இன்னும் வரவில்லை.

3

ஆள், தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நாராயணசாமி. ஆபீஸ் சாவி அவரிடம். அன்று மாரியம்மன் திருவிழாவில் அவருடைய உபயம். உபயக்காரர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். ஒலிபெருக்கி வந்துவிட்டது, பேட்டரி வரவில்லை. தோட்டத்து லோரியிலிருந்து எடுக்கலாமென்றால் அதுவும் வெளியே போயிருந்தது. கிராணி ஆபீஸைத் திறந்து, போனின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

"சபாக் டவுனுல வாங்குனது" என்றார், கேட்டவர்களிடம்.

பகல் முழுக்க அவர் பெயர் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டம்வரை கேட்டது. எண்ணெய் கேட்கத்தான் போன் இல்லை.

(அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், முடியவில்லை. என் பெயர் அச்சில் வருமென்றால் நான் மட்டும் எதைக் கழற்றாமல் விடுவேன்?)

4

பொழுது சாய்ந்ததும் இஞ்சின் நின்றது. வேலி இருண்டது. லயத்தில் நிறைமாதமாயிருந்த லெட்சுமிக்கு அப்போதுதான் வலி கண்டது. பிள்ளை கால் முன்னே வரத் திரும்பியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். புருஷன் நல்லசாமி அவளைக் கைத்தாங்கலாகக் கேட்டுக்குக் கூட்டி வந்தான். திரும்பி வந்த லோரி தயாராக நின்றது.

காவலுக்கிருந்த உதுமான் கேட்டார்: "போன் என்னாச்சு கிராணி?"

"கம்பிய வெட்டிட்டானுங்க போலருக்கு."

அவமானத்துக்குப் பயந்து சட்டென்று சொன்ன பொய்.

"வெட்டிட்டானுங்களா? அப்ப வெளிய காட்டு ஆளு பதுங்கியிருக்குலா. விடியாம தொறக்க முடியாது."

5

உண்மையைச் சொன்னால் போதும். கோயிலில் பகலெல்லாம் ஓடிய பேட்டரி தீர்ந்துபோனாலும், லோரி பேட்டரியைப் போனில் மாட்டி டவுனைக் கூப்பிடலாம். சொன்னால் பகலெல்லாம் அந்தப் பெயரைக் கேட்ட சனம் காறித் துப்பும்.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறார். (அடித்துவிட்டேன். அவர் இடத்தில் நானும் சொல்லியிருப்பேன் என்று காட்டிக்கொள்ள எழுதியது.)

முடிவு இரண்டு: கேட்டருகிலேயே சுகப்பிரசவம். (வெட்கக்கேடு. கால் திரும்பிய பிள்ளையை என் பேனா நேராக்குமா?)

முடிவு மூன்று: லெட்சுமி

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

கூசுகிறது. கரண்டையும் போனையும் விளக்குவதற்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சியை இருட்டில் நிற்க வைத்துவிட்டு, நான் விசிறிக் காற்றில் உட்கார்ந்து முடிவு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

நல்லசாமி கும்பிடுகிறான். "கிராணி ஐயா, நீங்க படிச்சவங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க. சொல்லுங்கய்யா."

கிராணி வாயைத் திறந்தார்:

"..............................."

அதை நீங்கள்தான் எழுதவேண்டும். சீக்கிரம் எழுதுங்கள். லெட்சுமியால் நிற்க முடியவில்லை.