டிவியைப் பார்த்துச் சொன்னது

ஆறரை மணி நாடகத்தின் முதல் காட்சியிலேயே கதாநாயகி ரப்பர் மரத்தை வெண்டைக்காய் நறுக்குவதுபோல வெட்டினாள். லோகேஸ்வரி கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டாள். உளி பிடித்த கையில் ஒரு டஜன் வளையல், விரல்களில் நகப்பூச்சு, தோளில் அன்றைக்குத்தான் அழகுக்கடையில் நேராக்கிவிட்ட முடி. விடிகாலை இருட்டில் பால்மரக் காட்டுக்குள் போகிறவளை ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை.

“உளி பிடிக்கத் தெரியாதவள எல்லாம் கூட்டியாந்து தோட்டத்துப் பொண்ணுன்னு காட்டுறானுங்க” என்றாள் டிவியைப் பார்த்து. வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “பொண்ணு லட்சணமா இருக்கா. பாக்குறவன் மரத்தையா பாக்கப் போறான்?”

அதுவும் டிவியைப் பார்த்துத்தான் சொல்லப்பட்டது. அந்தப் பக்கத்து டிவியைப் பார்த்து.

கோலா பிலா சாலையை விட்டு மண்பாதையில் இரண்டு மைல் உள்ளே வந்தால் செம்பனைகளுக்கு நடுவே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயம் இருக்கிறது. எட்டு வீடுகளில் ஆறு பூட்டிக் கிடக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், வீட்டுக்கு வீடு இருக்கும் நடுச்சுவர் ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம் எழும்பி அதோடு நின்றுவிடும். கூரை எல்லாருக்கும் பொது. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மூன்றாவது வீட்டில் தும்முவார்கள். கடைசி வீட்டில் லோகேஸ்வரி, அதற்கு முந்தைய வீட்டில் வள்ளியம்மா. லோகேஸ்வரியின் கணவன் சந்திரனுக்கு அண்ணன் மனைவி, அதாவது ஓரகத்தி. இருவருமே கணவனை இழந்தவர்கள். இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பேசுவதில்லை என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, முகம் பார்ப்பதில்லை. டிவியைப் பார்த்துச் சொல்வது அந்தக் கணக்கில் சேராது. எப்போது தொடங்கியது என்று இருவருக்குமே ஞாபகமில்லை. ஏதோ ஒரு நாடகத்தில் ஒருத்தி புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டே இருந்தபோது, இவளுக்கு அறிவே இல்லை என்று லோகேஸ்வரி வாய்விட்டுச் சொல்ல, அறிவிருந்தால் கதை ஏது என்று அந்தப் பக்கம் ஒரு குரல் வந்தது. அன்றிலிருந்து இப்படித்தான். ஒருத்தி நல்லது என்றால் மற்றவள் மட்டம் என்பாள். ஒருத்தி மாமியாருக்குப் பரிந்தால் மற்றவள் உடனே மருமகள் கட்சி. எதிலும் ஒத்துப்போகக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

வருடம் பிறந்ததும் நான்கு புது நிகழ்ச்சிகள் வந்தன. சமையல் போட்டியில் நடுவர்கள் ஒரு கரண்டி நுனியில் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பசித்துச் சாப்பிடுகிறவன் எவனும் கண்ணை மூட மாட்டான் என்பது லோகேஸ்வரியின் தீர்ப்பு. எட்டு மணிக்கு ஒரு போலீஸ் கதை, அதில் இன்ஸ்பெக்டர் திருடனை அடிக்கும்போதும் செய்தி வாசிப்பவர்போலத் தமிழ் பேசினார். இந்த நாட்டுப் போலீஸ் தமிழில் திட்டியே அவள் பார்த்ததில்லை. பேய்க் கதையைப் பார்த்து அவளுக்குப் பயமே வரவில்லை. பூட்டிக் கிடக்கும் ஆறு வீடுகளுக்குப் பக்கத்தில் படுத்து எழுகிறவளை எந்தப் பேய் என்ன செய்துவிடும்? இவை ஒவ்வொன்றுக்கும் வள்ளியம்மா மறுப்பு வைத்திருந்தாள். போலீஸ்காரன் மீசை ஒன்றுக்காகவே நாடகத்தைப் பார்க்கலாம் என்றாள். லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்து, சத்தம் அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். காலையில் தோட்டத்து ஆபீசைக் கூட்டிப் பெருக்குவது, மத்தியானம் ஒரு தூக்கம், சாயங்காலம் இது. இதுவும் இல்லையென்றால் நாளில் ஒன்றுமே இல்லை.

அந்த ஆறரை மணி நாடகம்தான் அவளைச் சும்மா விடவில்லை. உளி பிடிக்கத் தெரியாத அந்தப் பெண் மூன்றாவது வாரத்தில் வீட்டுக்குச் சொல்லாமல் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

லோகேஸ்வரியின் ஒரே மகள் புனிதாவும் அப்படித்தான் போனாள். தம்பின் டவுனில் வேலை செய்யும்போது எட்மண்ட் என்ற பையனோடு பழக்கம். நல்ல பையன்தான், வேதக்காரன் என்பதைத் தவிர அவன்மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அது போதுமானதாக இருந்தது சந்திரனுக்கு. மகள் வாசல்படி ஏறினால் நான் பிணமாக இறங்குவேன் என்றான். தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. பெற்றவர்கள் போகவில்லை. வள்ளியம்மா போனாள். போனது மட்டுமல்ல, தாய் நிற்க வேண்டிய இடத்தில் நின்று மாலையும் எடுத்துக் கொடுத்தாள். பேச்சு அன்றோடு நின்றது.

இரண்டு வருடம் கழித்துச் சந்திரன் செத்தான். எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும் சாவு வீட்டில் பேசிவிடுவார்கள், தோட்டத்து வழக்கம் அது. புனிதா ஏழு மாத வயிற்றோடு வந்தாள். அவன் வாக்கு இருக்கிறதே என்று உறவுக்காரர்கள் நான்கு பேர் மண்பாதையிலேயே மறித்தார்கள். வரட்டும் என்று லோகேஸ்வரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிணம் போகும்வரை மகள் சாலையோரத்தில் மழையில் நின்றாள். அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை என்று லோகேஸ்வரி தன்னையே கேட்காத நாளில்லை. பேத்தி பெவர்லியை ஒரே ஒருமுறை தம்பின் சந்தையில் தூரத்திலிருந்து பார்த்தாள். கிட்டப் போகக் கால் வரவில்லை. தான் ஆபீசுக்குப் போயிருக்கும் நேரத்தில், செண்டாயானில் குடியிருக்கும் புனிதா வள்ளியம்மாவைப் பார்க்க வந்துபோவது அவளுக்குத் தெரியும். தெரிந்தது போல் காட்டிக்கொண்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாடகத்தில் பெண் திரும்பி வந்தாள். கையில் பையோடு தாய் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே தாய் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடி அசையாமல் இருந்தாள். எழுந்து போடி, தாழ்ப்பாளை எடுத்து விடடி என்று லோகேஸ்வரி மனதுக்குள் கெஞ்சினாள். வாயைத் திறந்து சொல்லியே இருப்பாள்.

வள்ளியம்மா முந்திக்கொண்டாள். வழக்கத்தைவிடச் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக. “தொறந்துருவா பாரு. பெத்தவ இல்லியா? எம்புட்டு நாளு கோவம் இருக்கும்?”

அவ்வளவுதான். லோகேஸ்வரியின் நாக்கு பழகிய பக்கம் திரும்பிவிட்டது. “எதுக்குத் தொறக்கணும்? மூஞ்சில கரியப் பூசிட்டுப் போனவளுக்கு. நானா இருந்தா தாழ்ப்பா சரியா இருக்கான்னு இன்னொரு தடவ பாத்துட்டு வந்து ஒக்காருவேன்.”

“மனசுக்குள்ள ஆச இருக்கும்லா அவளுக்கு” என்றது அந்தப் பக்கம். குரல் கொஞ்சம் அவசரப்பட்டது.

“ஆசையா? மகள்னு ஒருத்தி இருந்ததே மறந்து போயிருக்கும். வாசல்ல நின்னு பாத்துட்டுப் போகட்டும்.”

நறுக்கென்று சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் திருப்தியாகவே இருந்தது. திரையில் கதவைக் காட்டி அத்தியாயத்தை முடித்தார்கள். விளம்பரம் வருவதற்குள் அந்தப் பக்கத்து டிவி அணைக்கப்பட்டது. சற்றுப் பொறுத்து வெளியே ஒரு கார் கிளம்பியது. வள்ளியம்மாவின் மகன் தர்மேந்திரன் வந்து போகிறான் போலிருக்கிறது என்று நினைத்து, சமையல் போட்டிக்கு மாற்றினாள்.

மறுநாள் காலை பின்பக்கக் குழாயடியில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள் வள்ளியம்மா.

“லோகா.”

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் லோகேஸ்வரி முதலில் நினைத்தாள்.

“நேத்து புனிதா வந்திருந்தா. பிள்ளையோட. என் வீட்டுலதான் ஒக்காந்திருந்தா.”

மற்றதை வள்ளியம்மா துணி துவைக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எட்மண்டுக்குப் பிந்துலுவில் வேலை கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை விமானம். வீட்டையும் காலி செய்கிறார்கள். கடல் தாண்டிப் போனபின் வருடத்துக்கு ஒருமுறை வருவதே பெரிய காரியம், அதனால் போகுமுன் அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறாள். வாசல்வரை வந்து பயந்து பெரியம்மா வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். உங்கம்மா மனசு எப்போதோ மாறிவிட்டது, நாடகம் ஓடும்போது நான் ஒரு பேச்சுப் போடுகிறேன், அவள் சொல்வதை நீயே உன் காதால் கேள், பிறகு கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வள்ளியம்மாதான் உட்கார வைத்திருக்கிறாள். பிள்ளை சத்தம் போடாமலிருக்க அதன் வாயில் கையை வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, புனிதா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“அழுதாளா?” என்றாள் லோகேஸ்வரி.

“இல்ல. காப்பி குடிச்ச டம்ளர கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போயிட்டா.”

“நான் நாடகத்தத்தானே சொன்னேன்க்கா.”

“எனக்குத் தெரியும்லா. தொறக்காதன்னு நான் சொல்லியிருந்தா நீ தொறக்கச் சொல்லியிருப்ப.” வள்ளியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எனக்குத்தான் புத்தி இல்லாம போச்சு.”

கிழித்த காலண்டர் தாளின் பின்னால் புனிதாவின் நம்பர் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அதைக் குழாயடித் திட்டில் ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை போனது, ஞாயிறும் போனது. லோகேஸ்வரி ஆறேழு தடவை நம்பரைத் தட்டிவிட்டு அழித்தாள். யார் யார் கதைக்கோ என்னென்னவோ சொன்ன வாய்க்கு, இதற்குச் சொல்ல ஒரு வரி அகப்படவில்லை. மன்னித்துக்கொள் என்பதெல்லாம் நாடகத்தில் வருகிற பேச்சு, தோட்டத்தில் தாய் மகளிடம் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. நேரில் போய்விடலாம் என்று ஞாயிறு மத்தியானம் புடவையைக்கூட மாற்றினாள். தான் போய் வாசலில் நின்று, மகள் கதவைத் திறக்காவிட்டால்? புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாள். வள்ளியம்மா இரண்டு நாளும் டிவி போடவில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கு நாடகத்தின் பாட்டு தொடங்கியபோது, இனி முடியாது என்று அழைத்தேவிட்டாள்.

“ஹலோ, யாரு?”

“நான்தான்.”

பெட்டிக்கு டேப் ஒட்டி இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சொல்லுங்க” என்றாள் புனிதா. வீட்டிலிருந்தவரை அம்மாவை நீ என்றுதான் பேசுவாள்.

“அன்னைக்கு நான் சொன்னது நாடகத்தைம்மா. ஒன்ன இல்ல.”

“தெரியும். அப்பா செத்தப்ப ரோட்டுல நின்னேனே, அன்னைக்கு டிவி ஓடல.”

கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஆமாம், அன்றைக்கு வாயைத் திறக்காதது என் தப்பு என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் இனி வரப்போவதில்லை. லோகேஸ்வரிக்கு அது தெரிந்தும் இருந்தது. “சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல. பேக்கிங் இருக்கு.”

“மம்மி, யாரு?” என்றது ஒரு சின்னக் குரல்.

“பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்துல இருக்குறவங்க” என்றாள் புனிதா. பிறகு போனில், “கை வேலையா இருக்கு, ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு எங்கோ கீழே வைத்தாள். துண்டிக்கவில்லை. மறுபடி டேப் இழுபட்டது.

டேப் சத்தத்துக்குப் பின்னணியில் போனில் ஆறரை மணி நாடகத்தின் பாட்டு கேட்டது. லோகேஸ்வரியின் வீட்டில் பாட்டு முடிந்து கதையே தொடங்கிவிட்டிருந்தது. அங்கே இன்னொரு கைபேசியில் இன்டர்நெட் வழியாகப் பார்க்கிறார்கள்போல, அரை நிமிடத்துக்கும் மேலாகப் பிந்தி வருகிறது. அவள் தன் டிவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாள். தாய் சாமி படத்துக்கு முன்னாலிருந்து எழுந்தாள். மெல்ல நடந்து வந்தாள். தாழ்ப்பாளில் கையை வைத்தாள், வைத்தபடியே நின்றாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்து, உள்ளறைக்குப் போய்விட்டாள்.

புனிதா வீட்டில் ஓடும் நாடகத்தில் இப்போதுதான் அந்தத் தாய் எழுந்திருப்பாள். டேப் இழுபடும் சத்தம் நின்றிருந்தது. புனிதாவும் பார்க்கிறாள். லோகேஸ்வரி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது.

“மம்மி, இங்க பாரு” என்றது பெவர்லியின் குரல், மிகவும் கிட்டத்தில். “அந்தம்மா நடந்து வருது. கதவு தொறக்கப் போகுது.”

லோகேஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவள் டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.