லாரியில் வந்த ‘ம்’

கிட்டே வந்து உட்காருங்கள். தூரத்தில் இருந்தால் என் குரல் பாதி வழியில் களைத்து உட்கார்ந்துவிடும்.

எங்கள் ஊர் ஒரு மென்பொருள். திறந்த மூல மென்பொருள். அதனால் யார் வேண்டுமானாலும் அதற்குத் திருத்தம் கொண்டு வரலாம். கிணற்றைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டுமா, செவ்வாய்க்கிழமை வெயிலைக் குறைக்க வேண்டுமா, திருத்தத்தைச் செய்து, தூக்குச்சட்டியில் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து சிமென்ட் பெஞ்சில் கொண்டு வந்து வைத்தால் போதும். பார்த்துச் சொல்ல இரண்டு பேர். பலசரக்குக் கடை கோயில்பிள்ளை அண்ணாச்சி ஒருவர், நான் ஒருவன். இருவரும் சரி என்றால் சாயங்காலம் ஊரோடு சேர்த்துவிடுவோம். மறுநாள் அதன்படி விடியும்.

எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்றால், பெஞ்சில் நான் ஏற்கனவே உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் துப்புரவுத் திருத்தம் ஒன்று மாட்டு வண்டியில் வந்தது. வெளியூர்க்காரர் யாரோ அனுப்பியிருந்தார். ஊரில் பயன்படாமல் கிடப்பதை எல்லாம் எடுத்துவிடுகிற திருத்தம். அவ்வளவு பெரியதை யார் கிளறிப் பார்ப்பது? அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் மாட்டைத் தடவிக் கொடுத்தேன். “அருமையா இருக்கு” என்றோம். சேர்த்துவிட்டோம்.

விடிந்து பார்த்தால் ஒடிந்த குடைகளும் ஒரு முட்டுச்சந்தும் போயிருந்தன. தவசியின் குரலும் போயிருந்தது. தவசி, செல்லக்கனியின் புருஷன். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதெல்லாம் ‘ம்’ ஒன்றுதான். அதைப் பயன்படாத சாமான் என்று திருத்தம் எடுத்துக்கொண்டுவிட்டது.

எங்கள் ஊரில் எதிரே ஒருவர் ‘ம்’ கொட்டினால்தான் பேச்சு முடியும். முடியாத பேச்சு எங்கும் போகாது, சொன்ன இடத்திலேயே நிற்கும். செல்லக்கனி பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. அடுக்களையில் அரிசி விலையைப் பற்றிய பேச்சு நின்றது. நாத்தனாரைப் பற்றிய பேச்சு நிலைவாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே கால் நீட்ட இடமில்லாமல் தவசி வாசலில் சைக்கிளுக்குப் பக்கத்தில் படுத்தார். சுவர் விரிசல் விட்டது. அண்ணாச்சி நல்ல மனசோடு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய் ‘ம்’ கொட்டிப் பார்த்தார். ஒரு பேச்சும் அசையவில்லை. புருஷன் ‘ம்’ வேறு, கடைக்காரர் ‘ம்’ வேறு.

செல்லக்கனி ஒரு சின்னத் தூக்குச்சட்டியோடு வந்தாள்.

“மாமா, ஒரே ஒரு வரிதான். அவருக்கு அந்த ‘ம்’மைத் திரும்பப் போடணும். உத்தரம் இறங்குது மாமா. வீடு விழுந்துரும்.”

திறந்தோம். ஒரே வரிதான் கிடந்தது. சின்னத் திருத்தம் என்றால் எங்களுக்கு நன்றாகப் புரியும். புரிந்த பிறகு குறை சொல்லாமல் விட்டால் பார்த்த மாதிரியே இருக்காது.

“இந்த ‘ம்’ தொண்டையில இருந்து வருதா, மூக்குல இருந்து வருதா?” என்றார் அண்ணாச்சி.

“மூக்குல இருந்துதான் அண்ணாச்சி.”

“அப்ப மூக்குக்குப் பக்கத்துலல்லா வச்சிருக்கணும்? நீ தொண்டைகிட்ட வச்சிருக்கே.”

மாற்றி வைத்துக் கொண்டு வந்தாள்.

“மூக்கு சரி. சட்டிக்குப் பித்தளை மூடி போட்டா எடுப்பா இருக்கும்” என்றேன் நான்.

பித்தளை மூடி போட்டுக்கொண்டு வந்தாள். எவர்சில்வர்தான் ஊர் வழக்கம் என்று அண்ணாச்சிக்கு அப்போது தோன்றியது. அவரும் நானும் அமாவாசை தாண்டியும் மூடியைப் பற்றியே பேசினோம். ஒருவருக்கு ஒருவர் ‘ம்’ கொட்டிக்கொள்ள நாங்கள் இருந்ததால், எங்கள் பேச்சு ஒழுங்காக முடிந்து முடிந்து மறுபடி தொடங்கியது. அதற்குள் அவள் வீட்டுக் கூரையில் ஓடு சரிய ஆரம்பித்திருந்தது.

செல்லக்கனி எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“மாட்டு வண்டியில வந்துச்சே ஒண்ணு, அதுக்கு என்ன மூடி போட்டிருந்தாவ?”

“அதுக்கு மூடியே கிடையாதே தாயி” என்றேன்.

“சரி மாமா.” சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு லாரி வந்து பெஞ்சை ஒட்டி நின்றது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து செல்லக்கனி இறங்கினாள்.

“என்னம்மா இது?”

“ஊரையே கொஞ்சம் ஒழுங்கு பண்ணியிருக்கேன் அண்ணாச்சி. உள்ள ஏறி நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

அண்ணாச்சி பின்சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். “காத்து நல்லா இருக்கு” என்றார். நான் தார்ப்பாயின் மேல் கை வைத்தேன். ஈரமாக இருந்தது. ஈரம் நல்லதுதானே. “நல்ல உழைப்பு” என்றேன். அன்று சாயங்காலமே சேர்த்துவிட்டோம்.

காலையில் தவசி சைக்கிளுக்குப் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்து “ம்” என்றார். அரிசி விலைப் பேச்சு முடிந்து கொல்லை வழியாகப் போனது. நாத்தனார் பேச்சு முடிய மத்தியானம் ஆகிவிட்டது. போகும்போது நிலையில் இடித்துக்கொண்டுதான் போனது. இறங்கிய உத்தரம் பழையபடி மேலே ஏறிக்கொண்டது.

ஒரே ஒரு ‘ம்’மை வைத்து லாரி நிறையாது என்பதால், மீதி இடத்துக்கு அவள் ஒரு கடல் முழுவதையும் ஏற்றி வந்திருந்தாள். அது நடுத்தெருவில் கிடந்தது. பால்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பால் ஊற்றினார். அண்ணாச்சி கடையில் யாரும் உப்பு வாங்கவில்லை.

“இதை எடுக்க ஒரு திருத்தம் கொண்டு வாம்மா” என்றார் அண்ணாச்சி.

“கிழக்கே இருந்து எடுக்கதா, மேற்கே இருந்து எடுக்கதான்னு நாங்க பார்த்துச் சொல்லுதோம்” என்று நானும் சொல்லி வைத்தேன்.

செல்லக்கனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவின் ஒரு முனைக்குப் போனாள்.

“ஏங்க, அந்த நுனியைப் பிடிங்க.”

“ம்.”

“நல்லா உதறுங்க, மீன் கிடக்கு.”

“ம்.”

“ரெண்டு மூலையையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு என் பக்கம் வாங்க.”

“ம்.”

கடலை நாலாக மடித்தார்கள், பிறகு எட்டாக மடித்தார்கள். தவசி அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பரணில் வைத்தார். ஓரம் மட்டும் எழும்பி எழும்பி அடங்கியது. செல்லக்கனி ஸ்டூலில் ஏறி, அதன் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.